இடாப்பில் பெயர் இருந்தால்தானே புள்ளடி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வானம் இருட்டிக்கொண்டு நிற்பதையும் பார்க்காமல் இந்த வாசிகசாலை முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர்ச் சனமே, வணக்கம்.

ஆட்சி மாறும் நாடுகளில் சிறுபான்மையினருக்குக் காவல் வாக்குச்சீட்டா, அரசியல் யாப்பா என்பது தலைப்பு. யாப்புத்தான் என்று நாங்கள் நிற்கிறோம். எனக்கு முன் பேசிய தங்கச்சி வாக்குச்சீட்டுக்காக நெஞ்சைத் தொடும்படி பேசினார். 2013 இல் வட மாகாண சபையின் 38 ஆசனங்களில் 30 ஐ ஒரே கட்சிக்குக் கொடுத்து நம் மனத்தில் உள்ளதை உலகத்துக்குச் சொன்னோம் என்றார். 2024 நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் தெற்கின் கட்சியே முதலாவதாக வந்தது, வாக்குக் கையில் இருந்தால் எவரும் நம் படலைக்கு வந்துதான் ஆகவேண்டும் என்றார். (கிளிநொச்சியில் இருக்கிற நாம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில்தான் வாக்களிக்கிறோம் என்பது வேறு கதை.)

தங்கச்சி, நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தக் கைக்கு உரியவரின் பெயர் வாக்காளர் பட்டியலில், அதாவது இடாப்பில், இருக்க வேண்டுமே. அந்த இடாப்பை யார் எழுதுகிறார்கள்?

என் குடும்பக் கதையைச் சொல்கிறேன். இங்கே பாதிப் பேருடைய கதையும் அதுதான். 1947 தேர்தலில் என் தாத்தா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாக்குப் போட்டார். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை வென்ற தொகுதி. அந்தத் தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு மலையகத்தில் ஏழு ஆசனங்கள். அடுத்த வருடமே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோர் பிரசைகள் இல்லை என்றானது. 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரசை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1952 தேர்தலில் ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாத்தாவின் பெயரும் இடாப்பில் இல்லை. தோட்டத்து லய வீடுகளுக்கு வாக்குக் கேட்டு ஒரு ஆளும் வரவில்லையாம்.

இதைத் துப்பாக்கி பிடித்தவர்கள் செய்யவில்லை, நடுவர் அவர்களே. சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த பாராளுமன்றம், முறைப்படி கை உயர்த்திச் செய்தது. வாக்கை வாக்கே பறித்தது.

1977 இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தோடு தாத்தாவும் அப்பாயியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கிளிநொச்சி மண்ணுக்கு வந்தார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். தாத்தா இன்னொரு முறை வாக்குப் போடாமலே போய்ச் சேர்ந்தார். 2003 இல் வந்த சட்டத்தால்தான் அப்பாயி பிரசையானார். அந்தக் கடதாசியை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, டின்னைச் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அந்த டின்னும் வந்தது. 2013 மாகாண சபைத் தேர்தலில், 82 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகப் புள்ளடி போட்டார். இடது சுண்டுவிரலில் பூசிய மை போய்விடக் கூடாதென்று அந்த விரலை மடக்கிக்கொண்டே இரண்டு நாளாய்ப் பாத்திரம் கழுவினார். அன்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவர் வாக்கில் வந்த சபைக்கு என்ன நடந்தது? 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. அதற்கு முந்திய வருடம் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புது முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை அதே பாராளுமன்றம் 2018 இல் தோற்கடித்தது. அப்புறம் தேர்தல் இல்லாமலே வருடங்கள் ஓடின.

அதையும் செய்தது சட்டம்தானே என்று எதிரணி எழும்பும். நாங்கள் சொல்லும் யாப்பு அது அல்ல. கை எண்ணி மாற்ற முடியாதபடி ஒதுக்கிவைத்த சட்டத்தையே யாப்பு என்கிறோம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத வருடத்தில், வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவனுக்குத் தண்ணீர் விடலாமா என்று கூட்டத்தில் கை உயர்த்தச் சொன்னால் என்ன நடக்கும்? வயல் செய்கிற உங்களுக்குத் தெரியும். தண்ணீர் முறை என்ற ஒன்று அதற்குத்தானே இருக்கிறது?

மியன்மாரைப் பாருங்கள். 2010 தேர்தலில் ரோகிஞ்சா மக்கள் வெள்ளை அட்டை என்ற தற்காலிக அட்டையைக் காட்டி வாக்களித்தார்கள். 1982 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை அந்த நாட்டின் இனங்களில் ஒன்றாக ஏற்கவில்லை. அதனால் 2015 இல் அந்த அட்டையைச் செல்லாதென்று அறிவிப்பது சுலபமாக இருந்தது. அதே வருடம் நவம்பரில் நடந்த தேர்தலை உலகமே சனநாயகத்தின் விடிவு என்று கொண்டாடியது. ஆங் சான் சூகியின் கட்சி அள்ளிக்கொண்டு வென்றது. ரோகிஞ்சா மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். 2017 ஓகஸ்டில் இராணுவம் புகுந்தபோது ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அவர்களுக்காகப் பாராளுமன்றத்தில் பேச ஒரு குரல் இல்லை. என் தாத்தாவின் 1952 ஐ அவர்கள் 2015 இல் வாழ்ந்தார்கள்.

இனித் தென்னாபிரிக்கா. 1994 ஏப்ரலில் மண்டேலாவின் மக்கள் முதல் தடவையாக வரிசையில் நின்றதைத் தங்கச்சி சொன்னார். அந்த வரிசைக்கு முந்திய வருடம் நடந்ததைச் சொல்லவில்லை. 1993 இல் இடைக்கால யாப்பு ஒன்றை எழுதி, அதில் 34 கோட்பாடுகளைப் பதித்தார்கள். யார் வென்றாலும் புதிய யாப்பு இவற்றை மீறக் கூடாது, மீறியதா என்று யாப்பு நீதிமன்றம் பார்க்கும் என்று எழுதினார்கள். தேர்தலில் மண்டேலாவின் கட்சிக்கு 62 வீதத்துக்கு மேல் வாக்கு. 1996 மே மாதத்தில், அந்தத் தேர்தலில் வந்த சபை, மூன்றில் இரண்டுக்கும் மேலான ஆதரவோடு புதிய யாப்பை நிறைவேற்றியது. செப்டம்பரில் நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை இந்த முற்றத்தில் இருப்பவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மாகாணங்களின் அதிகாரம் முன்பு ஒப்புக்கொண்டதைவிடக் குறைந்துவிட்டது என்றது. மண்டேலாவின் சபை திருத்தி எழுதியது. டிசம்பரில்தான் நீதிமன்றம் ஏற்றது.

அந்த யாப்பின் 6 ஆம் பிரிவில், மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் என்ற சொல் இருக்கிறது. டர்பன் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் மொழி. அவர்கள் எத்தனை தேர்தலில் எத்தனை புள்ளடி போட்டால் அந்த வரியை வென்றிருக்க முடியும்?

சுதந்திரத்தோடு வந்த எங்கள் சோல்பரி யாப்பிலும், ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாது என்ற 29(2) ஆம் பிரிவு இருந்ததே, அது காப்பாற்றியதா என்று எதிரணி கேட்கும். காப்பாற்றவில்லை. இடாப்பில் பெயர் கேட்டு ஒரு தமிழர் போட்ட வழக்கு அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1953 இல் தோற்றது. எந்த இனத்தின் பெயரும் சட்டத்தில் இல்லை, யார் பிரசை என்று பாராளுமன்றம் தீர்மானிக்கலாம் என்றார்கள். அந்த வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதற்கு வேலியே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? முட்கம்பியை இன்னும் நெருக்கிக் கட்டுவோம். பிரசாவுரிமை, மொழி, காணி, மாகாணத் தேர்தலின் திகதி இவை எல்லாம் எவருடைய கை எண்ணிக்கைக்கும் எட்டாதபடி எழுதப்பட வேண்டும். அதைத்தான் கேட்கிறோம்.

வாக்கு வேண்டாம் என்று என் அணி சொல்லவில்லை. அந்த மை விரலைப் பார்த்தவன் நான், எப்படிச் சொல்வேன்? எனக்குப் பின் பேச வரும் அண்ணன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1952 இல் என் தாத்தா தன் உரிமையைக் காப்பாற்ற எந்தச் சீட்டில் புள்ளடி போட்டிருக்க வேண்டும்?

வணக்கம்.