இஞ்சி சோடாவுக்கு எந்தப் பாட்டில்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் இஞ்சி சோடா செய்வது எளிது. 2 லிட்டர் பாட்டிலில் ஒரு கப் சர்க்கரை, துருவிய இஞ்சி இரண்டு ஸ்பூன், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் கால் டீஸ்பூன். கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி, மேலே ஒரு அங்குலம் காலியாக விட்டு இறுக மூட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். வெளியேற வழியில்லாத வாயு தண்ணீரிலேயே கரையும்.

முதல் தடவை நான் கண்ணாடி பாட்டிலில்தான் ஊற்றினேன். பிளாஸ்டிக் வேண்டாமே என்ற எண்ணம். அது மே மாதம். இரண்டாம் நாள் இரவு பாட்டில் வெடித்தது. அடுப்பு மேடையெல்லாம் சில்லு. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. 1870களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய கோலி சோடா பாட்டில் ஏன் அவ்வளவு தடிமன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உள்ளே அழுத்தம் ஏறுவதைக் கண்ணாடி காட்டாது. பிளாஸ்டிக் காட்டும். மூடியதும் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகிவிட்டதா? உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் இறுகிவிடும். குளிரில் ஈஸ்ட் அடங்கும், வாயுவும் நன்றாகக் கரையும். ஆனால் ஈஸ்ட் முழுக்க நிற்காது, அதனால் சில நாளில் குடித்துவிடுங்கள். துளி ஆல்கஹாலும் உண்டாகும். வேண்டாம் என்பவர்கள் கவனியுங்கள்.

தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது, அது மெல்லியது. கூல்டிரிங்ஸ் வந்த பாட்டில்தான் வேண்டும். அடியில் ஐந்து கால் போலப் புடைத்திருக்கிறதே, அது அழுத்தம் தாங்குவதற்காகத்தான். 1973இல் நதானியேல் வயத் என்ற அமெரிக்கப் பொறியாளர் காப்புரிமை பெற்ற பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகைப் பாட்டில் அது. கொதிநீரில் கழுவினால் சுருங்கிவிடும். கீறலோ மடிப்போ விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, உலர்பனிக்கட்டியை (டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு) எந்தப் பாட்டிலிலும் போட்டு மூடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

சரி, திறக்கும்போது அவசரம் வேண்டாம். நன்றாகக் குளிர்ந்த பிறகு, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். உஸ்ஸென்ற சத்தம் அடங்கட்டும். அப்புறம் வடிகட்டி டம்ளரில் ஊற்றுங்கள்.