பெயரை நீக்கிவிட்டால் போதுமா? செவிலியர் ஒருவரின் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். செவிலியர் சகோதரி ஒருவர் இரண்டு சந்தேகங்களை எழுதி அனுப்பியிருக்கிறார். டியூட்டி முடியும் நேரத்தில் நோயாளியின் விவரங்களைக் கைப்பேசியிலுள்ள சாட்பாட்டில் இட்டு, அடுத்த ஷிஃப்டுக்கான ஹேண்ட்ஓவர் குறிப்பைச் சிலர் தயாரித்துக்கொள்கிறார்களாம். பெயரை நீக்கிவிடுவதால் இதில் தவறில்லை என்கிறார்களாம். அது சரியா என்பது முதல் கேள்வி. நோயாளியின் நிலை மோசமாகலாம் என்று கணினி தரும் எச்சரிக்கையும் தான் நேரில் பார்ப்பதும் முரண்பட்டால் எதை நம்புவது என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில், சரியல்ல என்பதுதான். ஒருவரை அடையாளம் காட்டும் பல விவரங்களுள் பெயரும் ஒன்று, அவ்வளவே. 1990களில் அமெரிக்காவில் பெயர் நீக்கிப் பகிரப்பட்ட மருத்துவப் பதிவுகளை லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே கண்டெடுத்துக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. நம் ஹேண்ட்ஓவர் குறிப்பிலோ வயது, அனுமதிக்கப்பட்ட நாள், செய்த அறுவை சிகிச்சை, உடனிருக்கும் உறவினர் என எல்லாமே இருக்கும். பொதுப் பயன்பாட்டுச் சாட்பாட்டில் இட்டபின் அது எங்கே, எத்தனை காலம் சேமிக்கப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே, மருத்துவமனை முறைப்படி அனுமதித்த கருவியைத் தவிர வேறெதிலும் நோயாளியின் விவரத்தை இடாதீர்கள். பணிச்சுமைதான் இவர்களை இப்படிச் செய்ய வைக்கிறது என்பதையும் நான் அறிவேன். அதைக் குறைக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது.

இனி, வார்டில் நடக்கும் உரையாடலைக் கேட்டுத் தானாகவே குறிப்பெழுதும் கருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செவிலியர்கள் என்னிடம் அதிகம் கவலைப்படுவது இவற்றைக் குறித்துத்தான். இரவு இரண்டு மணிக்கு டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு நோயாளி தணிந்த குரலில், "சிஸ்டர், மாத்திரையை நானேதான் நிறுத்தினேன், மகனுக்குச் செலவு வைக்க மனமில்லை, அவனிடம் சொல்லிவிடாதீர்கள்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள செவிலியர், மாத்திரை நின்ற நாளைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். காரணத்தை மருத்துவரிடம் தனியாகச் சொல்வார். மகன் வந்து கேட்டால் வாய் திறக்க மாட்டார். எதை எழுதுவது, எதை யாரிடம் மட்டும் சொல்வது என்ற இந்தப் பகுத்தறிதல் கருவிக்குக் கிடையாது, அது கேட்டதையெல்லாம் பதிந்துவிடும். கருவி கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தால் அந்த நோயாளி வாயே திறக்காமல் போகலாம். தெரியாவிட்டால் அவருடைய ஒப்புதலின்றியே அவர் பேச்சு பதிவாகிறது. இரண்டுமே தவறுதான். சர்வதேச செவிலியர் பேரவை 2021-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள் செயற்கை நுண்ணறிவை வெளிப்படையாகவே குறிப்பிட்டு, இத்தகைய கருவிகள் மனித உறவுக்குத் துணைநிற்க வேண்டுமே தவிர அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்கின்றன. எனவே கருவியை இயக்குவதற்கு முன் நோயாளியிடம் சொல்லுங்கள். அவர் வேண்டாமென்றால் நிறுத்துங்கள்.

இரண்டாவது கேள்வி. கணினி மௌனமாக இருப்பதனாலேயே நோயாளி நலமாக இருக்கிறார் என்று கொள்ளாதீர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட செப்சிஸ் (நோய்த்தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) முன்கணிப்பு முறை ஒன்றை மிச்சிகனில் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டபோது, செப்சிஸ் ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதே சமயம் அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு எச்சரிக்கை எழுப்பியிருந்தது. கணினிக்குள் போகும் எண்களும் பிழையற்றவை அல்ல: விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைவை அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. நோயாளியின் தோல் சில்லிட்டிருப்பதையும், மாலையில் தெளிவாகப் பேசியவர் இப்போது உளறுவதையும் தொட்டும் பார்த்தும் அறிபவர் நீங்கள்தான்.

முரண்பாடு வந்தால் நோயாளியை மறுபடி பரிசோதித்து, உடனே மருத்துவருக்குத் தெரிவியுங்கள். பிறகு கணினி என்ன சொன்னது, நீங்கள் என்ன கண்டீர்கள், யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்ற மூன்றையும் கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் செவிலியர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். அப்படி எழுதப்பட்ட முரண்பாடுகளை அந்தக் குழு மாதந்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுத்திலேயே கோருங்கள்.