கச்சான் வெக்கையில் முட்டைக்கோழிக்கு விற்றமின்: ஒரு கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஆலங்கேணியிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். 120 முட்டைக்கோழி, தகரக் கூடு. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கியதும் முட்டை குறைந்துவிட்டது, கோதும் மெல்லிசாகி எடுக்கும்போதே கீறுகிறது. கடையில் 'அன்டிஒக்சிடன்ட்' பக்கெட் ஒன்றைக் காட்டினார்களாம். ஒக்சிசனால் உடம்பு கெடாமல் காக்கிற விற்றமின் ஈ, விற்றமின் சீ, செலேனியம் என்ற கனிமம் போன்றவைதான் அது. "வாங்கினால் பலன் இருக்குமா தம்பி, காசுக்குக் கேடா?" என்கிறார். வீட்டில் தவிடு கலந்துதான் தீன் வைப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்தத் தவிட்டுக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பலன் உண்டு அக்கா. ஆனால் கோது மெலிவதற்கு முதல் காரணம் விற்றமின் குறைவு அல்ல. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இளைக்க இளைக்கக் காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியே போய், இரத்தத்தில் பைகாபனேற்று குறைகிறது. கோது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, அதைக் கட்ட அந்தப் பைகாபனேற்று வேண்டும். வெக்கையில் தீனும் குறைவாகத் தின்பதால் கல்சியமும் போதாது. பிறகு கோது எப்படித் தடிக்கும்?

அன்டிஒக்சிடன்ட் முக்கியமாகக் கைகொடுப்பது ஈரலில். மஞ்சள் கருவுக்கான சரக்கு அங்கேதான் உருவாகி இரத்தத்தோடு சூலகத்துக்குப் போகிறது. கடும் வெக்கையில் உடம்புக் கலங்களின் கொழுப்புப் படலம் ஒக்சிசனால் கெட்டுப்போகத் தொடங்கும். பழைய எண்ணெய் காறுவது போல என்று வையுங்கள். விற்றமின் ஈ அதைத் தடுக்கிறது. ஆய்வுகளில் நல்ல பலன் கண்ட அளவு, ஒரு கிலோ தீனுக்கு 250 மில்லிகிராம். சாதாரண நாளில் வேண்டியதைவிட இது பல மடங்கு, விலையும் அப்படித்தான். விற்றமின் சீயைக் கோழி தன் சிறுநீரகத்தில் தானே செய்துகொள்ளும், எங்களால் முடியாத வேலை அது. வெக்கை ஏறினால் அது செய்வது போதாது, அதனால் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சேர்ப்பார்கள்.

உங்கள் 120 கோழியும் நாளுக்கு 13 கிலோ அளவில் தின்னும். ஆக விற்றமின் சீ மொத்தமே இரண்டரை கிராம் சொச்சம். ஒரு தேக்கரண்டிகூட இல்லை! செலேனியம் இன்னும் நுணுக்கம், கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். அளவு மிஞ்சினால் நஞ்சு. அதைத் தனியாக வாங்கிக் கையால் கலக்கவே வேண்டாம், கலவையாக வருவதை மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பாவியுங்கள்.

இனித் தவிடு. மில்லிலிருந்து வந்த பச்சைத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, அதைக் கெடுக்கும் நொதியமும் கூடவே இருக்கிறது. இந்த வெக்கையில் சில நாட்களிலேயே காறிவிடும். காறிய தவிடு, தீனில் உள்ள விற்றமின் ஈயைத் தின்றுவிடும். ஒரு பக்கம் காசு கொடுத்து விற்றமின் போட்டு, மறுபக்கம் அதை அழிக்கிற சாமானையும் நாங்களே போடுகிறோம். பழைய கருவாட்டுத் தூளுக்கும் இதே கதைதான். ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கள், காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மாதக்கணக்குக்கு மூட்டை அடுக்காமல் கிழமைக்கு ஒருதரம் வாங்குங்கள்.

தண்ணீரில் நானே பிழைவிட்டிருக்கிறேன். கறுப்பு டாங்கியில் காலையில் விற்றமின் சீ கரைத்து, கோதுக்கு நல்லதென்று அப்பச்சோடாவையும் அதிலேயே போட்டேன். சோடாவின் காரத்தில் விற்றமின் சீ கெட்டுவிடும். போதாததற்கு, வெயிலில் டாங்கித் தண்ணீர் சுட்டது, கோழி வாயே வைக்கவில்லை. இப்போது டாங்கிக்கு மேல் கிடுகுப் பந்தல். விற்றமின் சீயை மட்டும் வாளியில் கரைத்து, வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவுக்கே வைக்கிறேன்.

பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை தீனை எடுத்துவிடுங்கள். செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும். விடியலிலும் பின்னேரத்திலும் நன்றாகக் கொடுங்கள். பின்னேரத் தீனோடு பருமனான சிப்பித் துண்டும் வேண்டும், கோது பெரும்பாலும் இரவில்தான் படிகிறது. தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள். மேற்குப் பக்கம் நனைத்த சாக்கு கட்டுங்கள். கச்சான் வறண்ட காற்று என்பதால் சாக்கு நன்றாகவே குளிர்த்தும். மாரி காலத்துப் புழுக்கத்தில் இது சரிவராது.

முருங்கையிலை போடலாமா என்றும் கேட்டிருக்கிறார். தாராளமாக. நிழலில் காயவைத்து நொறுக்கி, நூறு கிலோ தீனுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் போகாமல் கலவுங்கள். கருவின் நிறமும் ஏறும். ஆனால் இலையை மட்டும் நம்பி 250 மில்லிகிராம் விற்றமின் ஈயை எட்ட முடியாது.

பக்கெட் வாங்குவதென்றால் அடுத்த முறை கோழி இளைக்கத் தொடங்கிய பிறகு ஓடாதீர்கள் அக்கா. விற்றமின் ஈ உடம்பில் சேர நாள் எடுக்கும். கச்சானுக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னே தொடங்கி, வெக்கை தணிந்த பிறகும் சில கிழமை கொடுங்கள். இந்த வருடத்துக்கு முதலில் அந்தத் தவிட்டு மூட்டையை மணந்து பாருங்கள்.