இரண்டு ஜனாதிபதிகள் மோதிய தொகுதி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர்கள் செய்ததெல்லாம் புத்தகங்களில் தாராளமாகக் கிடைக்கும். எனக்குப் பல வருடங்களாகப் பிடித்த பகுதி வேறு. அந்த நாற்காலிக்குப் போகும் முன்பு இவர்கள் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுப் போன கதை. ஒரு டாலர் நோட்டில் வாஷிங்டனின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, யாருக்கும் எதற்கும் கடன்படாதவர் மாதிரி இருப்பார். அந்த மனிதர் ஓட்டுக் கேட்டார். தோற்றார். மறுபடியும் கேட்டார்.

முதலில் வர்ஜீனியாவில் அந்தக் காலத்தில் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்போதுதான் விளங்கும். வாக்குச்சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. கவுண்டியின், அதாவது நம் மாவட்டம் மாதிரியான ஒரு பகுதியின், நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு மேசை. அதன் பின்னால் ஷெரீப், எழுத்தர்கள். பக்கத்திலேயே வேட்பாளர்கள். வாக்காளர் ஒவ்வொருவராக வந்து, "என் ஓட்டு இன்னாருக்கு" என்று எல்லார் காதிலும் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். ஓட்டு வாங்கியவர் எழுந்து நன்றி சொல்வார். வாங்காதவரும் அங்கேயேதான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்! கடன் கொடுத்தவர், பக்கத்து நிலத்துக்காரர் என்று எல்லார் முன்னிலையிலும் இதைச் சொல்ல வேண்டும். ஓட்டு இருந்ததும் நிலம் வைத்திருந்த வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு இல்லை, நிலமில்லாதவருக்கு இல்லை, அந்த நிலத்தில் உழைத்த அடிமைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதை நான் அவ்வப்போது நினைவுபடுத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1755-ல் பிரெடரிக் கவுண்டியில் வர்ஜீனியா சட்டசபைக்குத் தேர்தல். வாஷிங்டனுக்கு வயது 23. அவர் பெயரும் போட்டியில் இருந்தது. கிடைத்தது 40 ஓட்டு. ஜெயித்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு 270-ஐ ஒட்டி. மூன்று வருடம் கழித்து, 1758-ல், அதே கவுண்டியில் மறுபடி நின்றார். அப்போது அவர் எல்லைப் பகுதியில் படையோடு இருந்தார், ஊருக்கு வரவில்லை. வேட்பாளருடைய நாற்காலியில் அவருக்குப் பதிலாக ஜேம்ஸ் உட் என்ற நண்பர் உட்கார்ந்தார். வேட்பாளர்தான் வரவில்லையே தவிர, அவர் கணக்கில் வந்தவை நிறைய. ரம், ரம் கலந்த பானம், ஒயின், பீர், ஆப்பிள் மது எல்லாம் சேர்த்து 160 கேலன். ஏறக்குறைய 600 லிட்டர். ஓட்டுப் போட்டவர்கள் மொத்தம் 400 பேர்கூட இல்லை. தலைக்கு ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்! வாஷிங்டன் ஜெயித்தார். அவருக்குப் பதிலாக ஜேம்ஸ் உட்டைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனார்கள். பில் கைக்கு வந்ததும் வாஷிங்டன் எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. இவ்வளவா செலவு என்று கேட்கவில்லை. நீங்கள் கையை இறுக்கிச் செலவு செய்துவிட்டீர்களோ என்பதுதான் என் பயம் என்கிறார். எனக்கு ஓட்டுப் போட்டவர், போடாதவர் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாருக்கும் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்றும் எழுதுகிறார்.

நம் ஊரில் தேர்தல் சமயத்தில் என்னென்ன கைமாறும் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு வர்ஜீனியாவிலும் இப்படிக் கொடுப்பது சட்டப்படி குற்றம்தான். சட்டமும் இருந்தது, பீப்பாயும் இருந்தது.

இப்போது ஜேம்ஸ் மேடிசனுக்கு வருகிறேன். நான்காவது ஜனாதிபதி. ஆள் குள்ளம், ஐந்தடி நாலங்குலம் என்பார்கள். குரல் சன்னம், பேசும்போது பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காது. எப்போதும் ஏதாவது உடம்புக் கோளாறு. தேர்தலில் நிற்க இவரைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். 1777-ல், 26 வயதில், ஆரஞ்சு கவுண்டியில் சட்டசபைக்கு நின்றார். குடியரசு என்று பேசிவிட்டுச் சாராயம் ஊற்றி ஓட்டு வாங்குவதா என்று அவருக்கு ஒரு கொள்கை. ஒரு சொட்டு வாங்கித் தரவில்லை. எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? சார்லஸ் போர்ட்டர். தொழில், மதுக்கடை நடத்துவது! முடிவு என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மேடிசன் பிற்காலத்தில் எழுதுகிறார்: நான் கொடுக்காமல் இருந்ததைக் கொள்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கர்வம் என்றோ கஞ்சத்தனம் என்றோதான் எடுத்துக்கொண்டார்கள் என்று.

தோற்றவரைச் சட்டசபை அதே வருடம் ஆளுநரின் ஆலோசனைக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆளுநர் பேட்ரிக் ஹென்றி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் ஊரையே கட்டிப்போடுகிற ஆள். பதினோரு வருடம் கழித்து மேடிசனின் அரசியலையே முடித்துவிடப் பார்த்தவர்.

1787-ல் பிலடெல்பியாவில் புதிய அரசியல் சட்டம் எழுதப்பட்டது. எழுதியதில் பெரும் பங்கு மேடிசனுக்கு. அதை வர்ஜீனியா ஏற்குமா, ஏற்காதா என்று 1788 ஜூனில் ரிச்மண்டில் விவாதம். ஹென்றி எதிர்ப்பு. மேடிசன் ஆதரவு. 89-க்கு 79 என்று மேடிசன் பக்கம் வென்றது. எதிர்த்து ஓட்டுப் போட்ட 79 பேரில் ஒருவர் ஜேம்ஸ் மன்றோ, பின்னாளில் ஐந்தாவது ஜனாதிபதி. எதிர்த்தவர்களுடைய முக்கியமான குறை என்னவென்றால், இந்தச் சட்டத்தில் குடிமக்களின் உரிமைகள் எங்கே? பேச்சுரிமை எங்கே? அவரவர் மதத்தைக் கும்பிடும் உரிமை எங்கே? அப்படி ஒரு பட்டியல் அவசியமில்லை என்பது மேடிசனின் வாதம். காகிதத்தில் எழுதி வைத்தால் மட்டும் பெரும்பான்மை அடங்கிவிடுமா என்பார். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவசியமில்லை என்றவர் மேடிசன்.

ரிச்மண்டில் தோற்றதற்கு ஹென்றி பழிவாங்கினார். அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டுக்கு உறுப்பினர்களை மாநிலச் சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், வர்ஜீனியா சட்டசபை ஹென்றியின் பிடியில். மேடிசனுக்கு செனட் கிடைக்காமல் செய்தார். சரி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கலாம் என்றால், மேடிசனின் ஆரஞ்சு கவுண்டியைச் சுற்றி, அரசியல் சட்டத்தை எதிர்த்த கவுண்டிகளாகப் பார்த்துச் சேர்த்து ஒரு தொகுதி தயாராகியிருந்தது. வேறு தொகுதிக்கு ஓடவும் முடியாது. வேட்பாளர் ஒரு வருடமாவது அந்தத் தொகுதியில் வசித்திருக்க வேண்டும் என்று விதி. எதிர் வேட்பாளர், ஜேம்ஸ் மன்றோ. வயது 30. சுதந்திரப் போரில் டிரென்டன் சண்டையில் குண்டு பட்டவர், உயரமானவர், ஜனங்களோடு சுலபமாகப் பழகுவார்.

இதில் வேடிக்கை, இருவரும் நல்ல நண்பர்கள். நியூயார்க் பக்கம் கூட்டாக நிலம் வாங்கிப் போட்டவர்கள். இருவருக்கும் பொதுவான நண்பர் தாமஸ் ஜெபர்சன், மூன்றாவது ஜனாதிபதி ஆகப் போகிறவர், அப்போது பாரிஸில் தூதர். இரண்டு வருங்கால ஜனாதிபதிகள் ஒரு நாடாளுமன்றத் தொகுதியில் நேருக்கு நேர் மோதியது அமெரிக்க வரலாற்றில் இந்த ஒரு தடவைதான்.

மேடிசன் நியூயார்க்கில் இருந்தார். வீட்டுக்கு வந்து ஓட்டுக் கேட்க அவருக்கு இஷ்டமே இல்லை. கூடவே மூலநோய்த் தொந்தரவு வேறு. குண்டுகுழிச் சாலையில் வண்டியில் வர வேண்டும். நண்பர்கள் விடவில்லை. வா, வராவிட்டால் தோற்பாய் என்று கடிதத்துக்கு மேல் கடிதம். கடைசியில் வந்தார். வந்து பார்த்தால், மேடிசன் அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டார் என்று தொகுதி முழுக்கப் பிரசாரம். அதிகம் கவலைப்பட்டவர்கள் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அனுமதி வாங்காமல் பிரசங்கம் செய்தார்கள் என்பதற்காக அவர்களுடைய போதகர்களை வர்ஜீனியாவில் சிறையில் தள்ளியிருந்தார்கள். அது நடந்து நீண்ட காலம் ஆகவில்லை.

அங்கேதான் மேடிசன் மாறினார். 1789 ஜனவரி 2-ஆம் தேதி ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்ட் போதகருக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசியல் சட்டம் நிறைவேறும் முன் திருத்தம் கேட்டால் ஆபத்து என்று எதிர்த்தேன், இப்போது நிறைவேறிவிட்டது, மனசாட்சி உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு சேர்க்க முதல் நாடாளுமன்றமே முயற்சி எடுக்க வேண்டும் என்கிறார். சுருக்கமாகச் சொன்னால் தேர்தல் வாக்குறுதி. ஈவ் அவருக்காக ஜனங்களிடம் பேசினார்.

அதோடு மன்றோவும் மேடிசனும் சேர்ந்தே பயணம் செய்து, ஒரே கூட்டத்தில் மாறி மாறிப் பேசினார்கள். கல்பெப்பர் கவுண்டியில் ஜெர்மானியர்களின் லூத்தரன் தேவாலயம் ஒன்று. ஹெப்ரன் என்று பெயர். அந்த ஜனங்கள் மொத்தமாக ஒரே பக்கம் சாய்கிறவர்கள் என்பதால் இருவருமே அங்கே போனார்கள். முதலில் ஆராதனை முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு இரண்டு பிடில் வைத்து இசை. அதுவும் முடிந்த பிறகு, வெளியே பனியில் அந்த ஜனங்களை நிற்க வைத்து அரசியல் சட்டத்தைப் பற்றி விவாதம்! வரி விதிக்கும் அதிகாரம் யாருக்கு, நீதிமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்று. நேயர்களே, மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, மேடிசனுடைய குரலோ நான் சொன்ன குரல். அவர்கள் நகரவில்லை. இதை ஒரு சண்டை மாதிரி நினைத்து, தாங்கள் பார்வையாளர்களாக இருந்தே தீர வேண்டும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது என்று மேடிசன் முதுமையில் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்து இரவில் 12 மைல் குதிரையில் போனதில் மேடிசனுடைய மூக்கு பனியில் வெந்துபோனது. அந்த வடு கடைசிவரை போகவில்லை. வயதான பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் மூக்கைத் தொட்டுக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார். எங்களுக்குள் ஒரு அணு அளவுகூடப் பகை இருந்ததில்லை என்றும் சொல்வார்.

பிப்ரவரி 2-ஆம் தேதி தேர்தல். மேடிசன் 1,308. மன்றோ 972. வித்தியாசம் 336 ஓட்டு.

ஜெயித்தவர் வாக்குறுதியை மறந்துவிடுவது உலக வழக்கம். இவர் மறக்கவில்லை. 1789 ஜூன் 8-ஆம் தேதி சபையில் எழுந்து திருத்தங்களைப் படித்தார். சக உறுப்பினர்களுக்கு எரிச்சல். கஜானா காலியாக இருக்கிறது, கப்பல் வரியும் சுங்கமும் பேசவேண்டிய நேரத்தில் இது என்ன என்றார்கள். விடாமல் பிடித்துக்கொண்டு, செப்டம்பரில் நிறைவேற்றினார். 12 திருத்தங்கள் மாநிலங்களுக்குப் போயின, 10 மட்டும் 1791 டிசம்பர் 15-ல் சட்டமாயின. அமெரிக்கர்கள் இன்றைக்கும் நீதிமன்றத்தில் காட்டி வாதாடும் உரிமைகள் மசோதா அதுதான். மிச்சமிருந்த இரண்டில் ஒன்று, உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அது அமலாக வேண்டும் என்பது. அது சட்டமான வருடம் 1992! இருநூறு வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டு எழுந்து வந்தது.

என் வாதம் இதுதான். மேடிசன் தத்துவம் யோசித்துத்தான் உரிமைகள் மசோதாவுக்கு வந்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தத்துவம் இருந்தது, மத சுதந்திரத்துக்காக அவர் இளம் வயதிலேயே நின்றவர். ஆனால் அந்தத் தொகுதி இல்லாவிட்டால், மன்றோ எதிரே நிற்காவிட்டால், 1789-ல் அவர் அதைக் கையில் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹென்றி அவரை ஒழிக்க அமைத்த தொகுதிதான் அவர் வாயிலிருந்து அந்த வாக்குறுதியை வரவழைத்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேடிசன், மன்றோ, ஜெபர்சன், வாஷிங்டன் நால்வரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். மனசாட்சி உரிமை பற்றி எழுதியவருடைய வயலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். ஓட்டில்லாத அவர்களை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கில் சேர்த்துத்தான் வர்ஜீனியா நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்கள் வாங்கியது. முதல் 36 வருடத்தில் 32 வருடம் வர்ஜீனியாக்காரர்களே ஜனாதிபதியாக இருந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மன்றோ என்ன ஆனார்? அடுத்த வருடமே செனட்டர். பிறகு பிரான்ஸில் தூதர், வர்ஜீனியா ஆளுநர். 1808-ல் ஜனாதிபதி தேர்தலில் மேடிசனுக்கு எதிராக அவர் பெயரை முன்வைத்தார்கள்; அதில் சில வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது. 1811-ல் ஜனாதிபதி மேடிசன் அவரைக் கூப்பிட்டு வெளியுறவு அமைச்சராக்கினார். 1814-ல் ஆங்கிலேயர் வாஷிங்டன் நகரை நெருங்கியபோது, அந்த வெளியுறவு அமைச்சர் தானே குதிரையேறி வேவு பார்க்கப் போனார். 1820-ல் மன்றோ இரண்டாம் முறை ஜனாதிபதி ஆனபோது, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் ஓட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு எதிராக விழுந்தது. அந்த ஒரு ஓட்டு ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு.

அந்த ஆடம்ஸைப் பற்றித்தான் பாதி நேரம் பேசுவதாகத் திட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்தார் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம் என்று அர்த்தம். வேகமாகச் சொல்கிறேன். ஆறாவது ஜனாதிபதி. இரண்டாவது ஜனாதிபதியின் மகன். 1824-ல் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் ஓட்டு, இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை கூடி இவரைத் தேர்ந்தெடுத்தது. 1828-ல் ஜாக்சனிடம் தோற்றார். தோற்ற ஜனாதிபதி வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். இவர் 1830-ல் மசாசூசெட்ஸில் ஒரு சாதாரணத் தொகுதியில் ஜெயித்து, பிரதிநிதிகள் சபைக்கே போய் 17 வருடம் உட்கார்ந்தார். அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாது என்று 1836-ல் சபை விதி போட்டது. ஆடம்ஸ் மனுக்களை அள்ளிக்கொண்டு வந்து வந்து படிக்கப் பார்ப்பார், கூச்சல் போட்டு உட்கார வைப்பார்கள், மறுநாள் மறுபடியும் எழுந்திருப்பார். எட்டு வருடம் இப்படி. 1844 டிசம்பரில் அந்த விதியை அவருடைய தீர்மானத்தின் பேரில் சபை நீக்கியது. அப்போது அவருக்கு வயது 77. இடையில், அடிமைகளாகக் கடத்தப்பட்ட அமிஸ்டாட் கப்பல் ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது தனிக் கதை, அதைத் தொடவே நேரமில்லை. ஒரு விரல் காட்டிவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நன்றி. வணக்கம்.