சுளை எனக்கு, பிசின் உனக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

பலாப்பழம் அறுக்கிற வீட்டில் சுளை தின்ன எல்லாரும் வந்துவிடுவார்கள். அரிவாளில் ஒட்டிய பிசினைத் துடைக்க ஆள் கூப்பிட்டால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் சுரங்கத் தொழிலில் நடந்த ஒரு பெரிய பேரத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் பிஎச்பி நிறுவனம், தன் போட்டியாளரான ஆங்லோ அமெரிக்கனை விலைக்குக் கேட்டது.

பெயரைக் கேட்டு அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். 1917இல் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கியது. இந்தப் பேரம் நடந்தபோது தலைமையகம் லண்டனில், வேர் தென்னாப்பிரிக்காவில்.

இதில் சுளை எது? செம்பு. மின்கம்பி, மின்சார கார், தரவு மையம் எதுவானாலும் செம்பு வேண்டும். ஆனால் புதுச் சுரங்கம் திறப்பது லேசான வேலையா? பெரு நாட்டில் கெயவேக்கோ என்ற சுரங்கம் ஆங்லோவின் கைக்கு வந்தது 1992இல். அங்கிருந்து செம்பு வெளியே வந்தது 2022இல். நடுவில் முப்பது வருஷம். ஊர்க்காரர்களோடு தண்ணீருக்காகப் பேச்சுவார்த்தை, ஓர் ஆற்றையே வேறு வழியில் திருப்பிவிடும் வேலை, அப்புறம்தான் உற்பத்தி. இப்படிக் காத்திருப்பதைவிட, ஏற்கெனவே தோண்டி வைத்திருப்பவரை வாங்கிவிடலாம் என்று பிஎச்பி கணக்குப் போட்டது. உலகிலேயே பெரிய செம்புச் சுரங்கமான சிலி நாட்டின் எஸ்கொண்டிடாவில் பெரும்பங்கு அதனிடம்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் உலகில் வெட்டியெடுக்கும் செம்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஒரே கையில் இருந்திருக்கும்.

பிசின், தென்னாப்பிரிக்கா. அங்கே ஆங்லோவுக்கு பிளாட்டினம் கம்பெனி ஒன்றும், கும்பா என்ற இரும்புத்தாதுக் கம்பெனி ஒன்றும் இருந்தன. பிஎச்பியின் நிபந்தனை இதுதான்: "அந்த இரண்டையும் முதலில் பிரித்து உங்கள் பங்குதாரர்களுக்கே கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்." அதற்கும் ரொக்கம் கிடையாது, பிஎச்பி பங்குகள்தான். பிரிப்பதற்குத் தென்னாப்பிரிக்க அரசின் அனுமதி வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும், என்னென்ன நிபந்தனை போடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குள் பிரிக்கப்போகும் அந்த இரண்டு கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தால் நஷ்டம் ஆங்லோ பங்குதாரர்களுக்கு.

முதலில் 3,110 கோடி பவுண்டு, பிறகு 3,400 கோடி, கடைசியில் 3,860 கோடி என்று ஒரே மாதத்தில் விலை ஏறியது. நிபந்தனை மட்டும் அங்குலம் நகரவில்லை. எனக்குக் கேட்டால், ஏற்றிய விலையில் பாதியைக் குறைத்து, பிசினில் பாதியைத் தானும் துடைப்பதாகச் சொல்லியிருந்தால் பேரம் வேறு மாதிரி போயிருக்கும்.

தென்னாப்பிரிக்கர்களுக்குக் கோபம் வந்ததற்குப் பழைய கதையும் உண்டு. 2001இல் பில்லிட்டன் என்ற சுரங்க நிறுவனத்தோடு இணைந்ததால் பிஎச்பிக்கு அந்த நாட்டில் சுரங்கங்கள் கிடைத்தன. 2015இல் அவற்றை சவுத்32 என்ற தனிக் கம்பெனியில் போட்டுக் கழற்றிவிட்டது. ஒருமுறை கைகழுவிப் போனவர் மறுபடியும் வாசலில் நின்று, "நீங்கள் வேண்டாம், உங்கள் செம்பு மட்டும் போதும்" என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? சுரங்க அமைச்சர் குவீட் மன்டாஷே இந்தப் பேரம் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பிரிட்டிஷ் விதிப்படி, விலை கேட்டவர் குறித்த கெடுவுக்குள் உறுதியான விலைமனு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். ஒருமுறை நீட்டித்த கெடு முடிந்தது மே 29 மாலை ஐந்து மணிக்கு. தென்னாப்பிரிக்காவில் பொதுத்தேர்தல் நடந்ததும் அதே நாள்! அங்கே மக்கள் வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்க, இங்கே பிஎச்பி இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டது. ஆங்லோ மறுத்தது. பிஎச்பி விலகியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அடுத்தவர் சொன்னபோது மறுத்த ஆங்லோ, 2025இல் பிளாட்டினத்தைத் தானே பிரித்து வால்டெர்ரா என்று பெயர் வைத்தது. தன் கையிலிருந்த டி பியர்ஸ் வைரக் கம்பெனியையும் பிரிக்கவோ விற்கவோ போவதாக, பேரம் நடந்துகொண்டிருந்த 2024 மே மாதத்திலேயே அறிவித்திருந்தது. 2025 செப்டம்பரில் கனடாவின் டெக் என்ற சுரங்க நிறுவனத்தோடு இணையப்போவதாகச் சொன்னது. நவம்பரில் பிஎச்பி மறுபடியும் வந்து கதவைத் தட்டிவிட்டு, சில நாட்களிலேயே திரும்பிப் போனது.

டெக் ஏன் என்று கேட்கிறீர்களா? சிலியில் ஆங்லோவுக்குப் பங்குள்ள கொயாவாசி சுரங்கமும், டெக்கின் கெப்ராடா பிளாங்கா சுரங்கமும் அக்கம்பக்கம். கொயாவாசியில் வெட்டும் நல்ல தாதுவை ஒரு கன்வேயரில் ஏற்றி கெப்ராடா பிளாங்காவில் இருக்கும் ஆலையில் அரைப்பதாகத் திட்டம். இந்தத் தடவையும் புதிதாக ஒரு சுரங்கம் தோண்டுவதாக இல்லை.

நன்றி, வணக்கம்.