நிறுவனரின் கம்பெனியை விற்ற அறங்காவலர்கள்

[திரை: லண்டன், யூஸ்டன் சாலை. தூண்கள் நிறைந்த பழைய கட்டடத்தின் முகப்பு. கீழே எழுத்து: 1995 ஜனவரி]

1995 ஜனவரியில் லண்டன் பங்குச் சந்தையை ஒரு செய்தி உலுக்கியது. கிளாக்சோ என்ற மருந்து நிறுவனம், வெல்கம் என்ற இன்னொரு மருந்து நிறுவனத்தை வாங்கப்போகிறது. விலை ஏறத்தாழ 900 கோடி பவுண்டு.

வெல்கம் நிறுவனத்தை நடத்தியவர்களுக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை. வேறு யாராவது வாங்க வருவார்களா என்று தேடினார்கள். யாரும் வரவில்லை. தங்கள் கம்பெனி கைமாறுவதை அவர்களால் தடுக்கவும் முடியவில்லை. ஏனென்றால் அதன் பங்குகளில் சுமார் 40 சதவீதம் ஓர் அறக்கட்டளையிடம் இருந்தது. அதன் அறங்காவலர்கள், "விற்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பங்குகளை அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றவர், அதே கம்பெனியைக் கட்டி எழுப்பியவர். அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்பிக் கொடுத்தவரின் வாழ்நாள் உழைப்பை, நம்பப்பட்டவர்களே விற்பதா? முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அந்தக் கோபம் இல்லை. அது ஏன் போனது என்பதைச் சொன்னால், அறங்காவலர் என்பவர் யார் என்பதும் விளங்கிவிடும்.

[திரை: கோயில் சுவர். கல்வெட்டு எழுத்துகளின் மேல் மெல்ல நகரும் வெளிச்சம்]

நம் கோயில் கல்வெட்டுகள் பலவற்றின் கடைசியில் ஒரு வரி இருக்கும். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், அன்னமிட நிலம் கொடுத்தவர், எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு ஒன்றைச் சேர்த்து வெட்டச் சொல்லியிருப்பார். இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்பது அதன் பொருள்.

கொடுத்தவர், காப்பவரின் பாதத்தைத் தலையில் வைத்துக்கொள்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிற வரி இது. கொடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது, கொடுத்தவர் கண்ணை மூடிய பிறகு, அவர் முகத்தையே பார்த்திராதவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டிய வேலை. ஆங்கிலேயரின் 'டிரஸ்டி' என்ற சொல்லில் நம்பிக்கை இருக்கிறது. நம் அறங்காவலர் என்ற சொல்லில் காவல் இருக்கிறது. எதைக் காவல் காப்பது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது: அறம்.

[திரை: கருப்பு வெள்ளைப் புகைப்படம். அடர்ந்த மீசையுடன் ஹென்றி வெல்கம்]

ஹென்றி வெல்கம் 1853இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மரக்கட்டை வீடு ஒன்றில் பிறந்தவர். மருந்தாளுநராகப் படித்து லண்டனுக்கு வந்து, சைலஸ் பரோஸ் என்ற நண்பருடன் சேர்ந்து 1880இல் மருந்துக் கம்பெனி தொடங்கினார். அழுத்தி உருவாக்கிய மாத்திரைகளுக்கு 1884இல் 'டேப்லாய்டு' என்ற பெயரை அவர்கள் பதிவு செய்தார்கள். பின்னாளில் சிறு வடிவச் செய்தித்தாள்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயரும் அதுதான். பரோஸ் 1895இல் இறந்தார். கம்பெனி முழுவதும் வெல்கம் கைக்கு வந்தது.

1936 ஜூலை 25 அன்று வெல்கம் இறந்தார். உயிலைத் திறந்தபோது, கம்பெனியின் பங்குகள் அனைத்தும் அறங்காவலர்கள் ஐவரின் பொறுப்பில் இருந்தன. கம்பெனி மருந்து விற்று இலாபம் ஈட்ட வேண்டும். அந்த இலாபத்தை அறங்காவலர்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கும் மருத்துவ வரலாற்றுக்கும் கொடுக்க வேண்டும். வெல்கம் டிரஸ்ட் பிறந்த கதை இவ்வளவுதான்.

ஐவரில் ஒருவர் ஹென்றி டேல். நரம்புகள் வேதிப்பொருள்கள் மூலம் செய்தி அனுப்புகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக, அதே 1936இல் நோபல் பரிசு பெற்றவர். இளம் வயதில் வெல்கமின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்தவர். 1938 முதல் 1960 வரை, 22 ஆண்டுகள், அறங்காவலர் குழுவின் தலைவராக இருந்தார். அவ்வளவு பெரிய அறிவியலாளர் தம் வாழ்வின் பிற்பகுதியை இன்னொருவருடைய உயிலுக்குக் காவல் நிற்பதில் கழித்தார் என்பதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. தொடக்க காலத்தில் கையில் பெரிய பணமும் இல்லை. வாரிசு வரி ஒரு பக்கம், போர் மறுபக்கம். பிரித்துக் கொடுப்பதற்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

[திரை: வேலூர். மருத்துவக் கல்லூரியின் பழைய கட்டடம்]

பிறகு பணம் பெருகியபோது, அதன் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கும் வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று பல ஆண்டுகள் இயங்கியது. செல்வின் பேக்கர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அங்கே 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோயை ஆராய்ந்தார்கள். சாப்பிடும் உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் போய், தீராத வயிற்றுப்போக்கில் ஆள் துரும்பாக இளைத்துவிடும் நோய். 1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. மேலை நாட்டு மருந்துக் கம்பெனி எதற்கும் இலாபம் தராத நோய். இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பணம் ஒதுக்க, இலாபம் பார்க்கத் தேவையில்லாத ஒரு மேசை உலகத்தில் எங்காவது இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த மேசையில் என்ன நடக்கிறது? வந்து குவியும் விண்ணப்பம் ஒவ்வொன்றையும் அறங்காவலர்களே படித்து முடிவு செய்வார்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். சின்ன அறக்கட்டளைகளில் அப்படித்தான். வெல்கம் டிரஸ்ட் போன்ற இடத்தில் விண்ணப்பங்களை எடைபோடுபவர்கள் அந்தந்தத் துறையின் வல்லுநர்கள். ஆண்டுக்கு எவ்வளவு கொடுப்பது, எந்தத் துறைகளுக்குக் கொடுப்பது, மூலதனத்தை எங்கே போட்டு வைப்பது, தலைமை நிர்வாகியாக யாரை அமர்த்துவது ஆகியவை அறங்காவலர்களின் வேலை. கூட்டத்தில் ஒருவர் எதிர்த்துப் பேசலாம். முடிவு எடுத்த பிறகு அதன் பொறுப்பு எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

இன்று சட்டப்படி அந்த அறக்கட்டளைக்கு ஒரே ஓர் அறங்காவலர்தான். அதுவும் மனிதர் அல்ல, வெல்கம் டிரஸ்ட் லிமிடெட் என்ற கம்பெனி. அதன் இயக்குநர்களை ஆளுநர்கள் என்று அழைக்கிறார்கள். 2021 முதல் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் ஜூலியா கில்லார்ட். பிரிட்டனில் அறங்காவலர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்குவதில்லை. இங்கே வாங்குகிறார்கள். சுமார் 3,700 கோடி பவுண்டு நிதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு ஊதியம் இருப்பது தவறில்லை என்பது என் எண்ணம். எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது ஆண்டறிக்கையில் அச்சாகிறது. அதனால் ஒளிவுமறைவு என்ற பேச்சுக்கு இடமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. அறிவியலாளர்களே ஆளுநர்களாக இருக்கும்போது, அவர்கள் வேலை பார்க்கும் பல்கலைக்கழகமும் நிதி கேட்டு வரும். அப்போது அந்த ஆளுநர் தன் தொடர்பை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்த முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும். எழுத்தில் படிக்க மிகச் சாதாரணமாகத் தெரியும் விதி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கல்வி அறக்கட்டளையின் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். உதவித்தொகைப் பட்டியலில் ஓர் அறங்காவலருடைய மைத்துனர் மகனின் பெயர் வந்தது. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரும் எழுந்து வெளியே போகவில்லை. அந்தப் பையனுக்குத் தகுதி இருந்திருக்கலாம். ஆனால் அன்று பணம் கிடைக்காமல் போன பிள்ளைகள் அதை ஒருநாளும் நம்பப்போவதில்லை. விதி எவ்வளவு பெரியது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

[திரை: நியூயார்க் பங்குச் சந்தையின் வெளிப்புறம். எழுத்து: 1989 செப்டம்பர்]

மீண்டும் வெல்கமுக்கு வருவோம். ஒரே கம்பெனியின் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் அறக்கட்டளைக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று வெளிப்படையானது: கம்பெனி சரிந்தால் தர்மமும் சரியும். மற்றது மனசாட்சி சம்பந்தப்பட்டது. 1987இல் எய்ட்ஸ் நோய்க்கு முதல் மருந்தாக ஏஇசட்டி வந்தது. விற்றவர்கள் வெல்கமின் அமெரிக்கக் கிளையான பரோஸ் வெல்கம். ஓர் ஆண்டு மருந்துக்கு ஏறத்தாழ 10,000 டாலர். செத்துக்கொண்டிருந்த இளைஞர்களால் எப்படிக் கொடுக்க முடியும்? 1989 செப்டம்பரில் போராட்டக்காரர்கள் நியூயார்க் பங்குச் சந்தைக்குள்ளேயே புகுந்து முழக்கமிட்டார்கள். சில நாள்களில் கம்பெனி விலையை 20 சதவீதம் குறைத்தது. அந்தக் கம்பெனியின் பெரும்பங்கு அப்போது யாரிடம் இருந்தது? மனித உடல்நலத்துக்காக ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளையிடம். மருந்து விலை கூடினால் ஆராய்ச்சிக்குப் பணம் கூடும், நோயாளிக்கு மருந்து எட்டாது. இந்த முடிச்சை அவிழ்க்கும் கணக்கு எந்த உயிலிலும் எழுதியிருக்காது.

விற்பனை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1986இல் கம்பெனியின் ஒரு பகுதி பங்குகள் முதல்முறையாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1992இல் இன்னும் பெரிய பகுதி போனது. அதில் வந்தது சுமார் 230 கோடி பவுண்டு. அப்போது தலைவராக இருந்தவர் ரோஜர் கிப்ஸ், லண்டன் நிதிச் சந்தையில் ஊறியவர். மிச்சத்தை விற்கும் வாய்ப்பு 1995இல் கிளாக்சோ உருவில் வந்தது. அவரும் மற்ற அறங்காவலர்களும் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான். நாம் காப்பது வெல்கம் கட்டிய கம்பெனியையா, வெல்கம் விட்டுச் சென்ற நோக்கத்தையா?

விற்றார்கள். அதற்கான விலையை வேறு சிலர் கொடுத்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். லண்டனின் தென்கிழக்கே பெக்கனத்தில் இருந்த வெல்கமின் பெரிய ஆய்வு மையம் மூடப்பட்டது. மருந்து கண்டுபிடிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த பலர் வேலை இழந்தார்கள். "அறக்கட்டளை எங்களைக் கைவிட்டுவிட்டது" என்று அவர்கள் நினைத்திருந்தால், அந்த வேதனையில் நியாயம் உண்டு. ஆனால் அறங்காவலர்களின் கடமை கம்பெனி ஊழியர்களிடமிருந்து தொடங்கவில்லை. உயில் அவர்களிடம் ஒப்படைத்த பயனாளிகள் வேறு: இன்னும் பிறக்காத நோயாளிகள், இன்னும் எழுதப்படாத ஆய்வுகள். இதைப் புரிந்துகொண்டபோதுதான் என் கோபம் போனது.

[திரை: கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டன் கிராமம். ஆய்வுக்கூடத்தில் வரிசை வரிசையாக இயந்திரங்கள்]

அந்தப் பணம் என்ன செய்தது? 1998 மே மாதம். மனித மரபணுத் தொகுதி, அதாவது நம் உயிரணுக்களில் உள்ள மரபுத் தகவல், முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படிக்கும் பணி பல நாடுகளின் பொது முயற்சியாக நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் அதைச் செய்தது, வெல்கம் டிரஸ்ட் பணத்தில் 1993இல் திறக்கப்பட்ட சாங்கர் மையம். தலைவர் ஜான் சல்ஸ்டன். அவர்கள் கண்டுபிடிப்பதை 24 மணி நேரத்துக்குள் உலகத்துக்கே இலவசமாக வெளியிட்டார்கள். அப்போது அமெரிக்காவின் கிரெய்க் வென்டர், தனியார் முதலீட்டுடன் மூன்றே ஆண்டுகளில் இதைத் தாமே முடித்துவிடப் போவதாக அறிவித்தார். பொது முயற்சி நின்றுவிடுமோ என்ற அச்சம் பரவியது.

அதே வாரத்தில் டிரஸ்டின் ஆளுநர்கள் லண்டனில் கூடினார்கள். சாங்கர் மையத்தின் பணிக்கான நிதியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். மொத்தம் 20.5 கோடி பவுண்டு. மரபணுத் தொகுதியில் மூன்றில் ஒரு பங்கை நாங்களே படிப்போம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் சோர்ந்துபோய்க் கூடியிருந்த அறிவியலாளர்கள், இந்தச் செய்தியைக் கேட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். 2003இல் பணி முடிந்தது. இன்று எந்த ஊரில் இருக்கும் மாணவரும் காசு கொடுக்காமல் அந்த எழுத்துகளைப் படிக்கலாம். ஒரு கம்பெனியின் பங்கு விலையை மட்டுமே நம்பியிருந்த அறக்கட்டளையால், ஒரே கூட்டத்தில் அப்படி ஒரு முடிவை எடுத்திருக்க முடியுமா? முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லா முடிவுகளையும் பாராட்ட என்னால் முடியவில்லை. நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்குமாறு 2015இல் கார்டியன் நாளிதழ் பெரிய இயக்கமே நடத்தியது. டிரஸ்ட் மறுத்தது. பங்குதாரராக உள்ளே இருந்தால் அந்தக் கம்பெனிகளைத் தட்டிக் கேட்கலாம் என்பது அவர்கள் வாதம். புகையிலையில் பணம் போட மாட்டோம் என்று விலகத் தெரிந்தவர்களுக்கு இதிலிருந்து விலகத் தெரியாமல் போனது எனக்கு வருத்தமே. 2022இல் லண்டன் உயர் நீதிமன்றம், அஷ்டன் டிரஸ்ட், மார்க் லெனர்ட் டிரஸ்ட் ஆகிய இரு அறக்கட்டளைகளின் வழக்கில் தெளிவான வழி காட்டியது. அறக்கட்டளையின் நோக்கத்தோடு மோதும் முதலீட்டைத் தவிர்க்க அறங்காவலர்களுக்கு உரிமை உண்டு. அதனால் வருமானம் கொஞ்சம் குறையக்கூடும் என்றாலும், நிதானமாகச் சீர்தூக்கிப் பார்த்து எடுத்த முடிவாக இருந்தால் போதும்.

[திரை: மீண்டும் யூஸ்டன் சாலை. பழைய கட்டடமும் அதன் அருகே கண்ணாடிக் கட்டடமும் ஒரே சட்டகத்தில்]

கிளாக்சோ வெல்கம் என்று பெயர் மாறிய நிறுவனம், 2000இல் ஸ்மித்கிளைன் பீச்சமுடன் இணைந்து கிளாக்சோஸ்மித்கிளைன் ஆனது. ஹென்றி வெல்கமின் பெயர் மருந்துக் கம்பெனியின் பலகையிலிருந்து போய்விட்டது. யூஸ்டன் சாலையில், 1932இல் அவரே எழுப்பிய கட்டடத்தில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. அதன் அருகே நிற்கும் கண்ணாடிக் கட்டடம்தான் இப்போது அறக்கட்டளையின் தலைமையகம். அதற்கு கிப்ஸ் கட்டடம் என்று பெயர். கம்பெனியை விற்ற ரோஜர் கிப்ஸின் பெயர்.