ஓடினவர்களும் விழுந்தவர்களும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

விசுவாசத்துக்காக எதிர்ப்பைச் சந்தித்தவர்கள் என்றதும் நாம் நேராக ஸ்தேவானிடம் போய்விடுகிறோம். தன்மேல் கல்லெறிந்தவர்களுக்காக முழங்கால்படியிட்டு ஜெபித்தவர் அவர். ஆனால் எப்போதும் அவரையே காட்டிக்கொண்டிருந்தால், கேட்கிறவர்களில் பலர் "அந்தப் பலம் எனக்கு இல்லை" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இன்று மற்றவர்களைப் பார்ப்போம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம். பேதுருவையும் யோவானையும் யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கம் விசாரிக்கிறது. இயேசுவின் நாமத்தில் இனிப் பேசவே கூடாது என்று மிரட்டி அனுப்புகிறது. அவர்கள் தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். என்ன கேட்டார்கள்? அந்தச் சங்கத்தாரை அழித்துப்போடும் என்று கேட்கவில்லை. மிரட்டலை நிறுத்தும் என்றுகூடக் கேட்கவில்லை. அவர்கள் பயமுறுத்துவதை நீர் கவனித்துக்கொள்ளும் என்று ஆண்டவர் கையில் விட்டுவிட்டு, உம்முடைய வசனத்தை முழுத் தைரியத்தோடு சொல்ல எங்களுக்கு அருள்செய்யும் என்கிறார்கள். பயமே இல்லாதவன் தைரியத்தைக் கேட்பானா? பயம் இருந்தது, கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த பேதுரு, கொஞ்ச காலத்துக்கு முன்புதான் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே நடுங்கிப்போனவர்.

அப்புறம் 12ஆம் அதிகாரம். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். பேதுருவையும் பிடித்தான், ஆனால் ஒரு தூதன் அவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தான். அதே சபை, அதே ஆண்டவர், ஒரே அதிகாரம். ஏன் ஒருவர் தப்பினார், மற்றவர் தப்பவில்லை என்று இதை எழுதிய லூக்கா விளக்கவே இல்லை. விசுவாசம் இருந்தால் எதிர்ப்பு விலகிவிடும் என்று பிரசங்கிக்கிறவர்கள் யாக்கோபின் வீட்டாரிடம் போய் என்ன சொல்வார்கள்?

சரி, நிலைத்திருப்பது என்றால் அடிவாங்கிக்கொண்டு அசையாமல் நிற்பதுதானா? பவுலைப் பாருங்கள். தமஸ்குவில் அவரைக் கொல்லக் காத்திருந்தபோது, கூடையில் உட்கார்ந்து மதில்வழியாக இறங்கித் தப்பினார். பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது, "நாங்கள் ரோமர்கள், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும்" என்றார். பிற்பாடு இராயனிடமே, அதாவது ரோமப் பேரரசனிடமே, மேல்முறையீடு செய்தார். லீஸ்திராவிலோ கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று வெளியே இழுத்துப்போட்ட பிறகு, எழுந்து அதே பட்டணத்துக்குள் போனார். ஓடியதும் அவரே, வழக்காடியதும் அவரே, திரும்பிப் போனதும் அவரே. எது எப்போது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்று சொன்னவரே இயேசுதான். ஆபத்தான இடத்திலிருந்து விலகுகிறவரையும், சட்டத்தின் உதவியைத் தேடுகிறவரையும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், கசப்பாகத்தான் இருக்கும். நமக்கு வரும் எல்லா எதிர்ப்பும் கிறிஸ்துவுக்காக வருவதல்ல. திருடனாகவோ, பொல்லாங்கு செய்தவனாகவோ, அடுத்தவர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபடாதிருங்கள் என்று பேதுரு தன் முதல் நிருபத்தில் எழுதுகிறார். கடைசியாகச் சொன்னது எத்தனை பேருக்குப் பொருந்தும்! நம் நாக்குக்குக் கிடைத்த பதிலைச் சிலுவை என்று தூக்கிக்கொண்டு திரியக் கூடாது.

விழுந்துபோனவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச நினைத்தேன். கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸின் ஆணைப்படி, மக்கள் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சான்றிதழ்கள் சில எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாக இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து உயிரைவிட்டார்கள். ஏராளமானோர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் சபையின் பேராயர் சிப்ரியான் தலைமறைவானார். மறைவிடத்திலிருந்து கடிதங்களால் சபையை நடத்தினார். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்ற பேச்சும் எழுந்தது.

உபத்திரவம் தணிந்ததும், விழுந்தவர்கள் சபைக்குத் திரும்பி வந்தார்கள். ரோமில் நோவேசியன் என்பவர் அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். சிறையில் பாடுபட்டு வந்தவர்கள் சிலரோ, உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். சிப்ரியானும் மற்ற பேராயர்களும் 251இல் கூடி, இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள்: சான்றிதழை மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்களுக்கு நீண்ட மனந்திரும்புதல், ஆனால் கதவு யாருக்கும் மூடப்படவில்லை. எனக்கு இது கடினமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனாலும் விழுந்ததை ஒன்றுமில்லை என்று மூடி மறைக்கவும் இல்லை, விழுந்தவனைத் தூக்கி எறியவும் இல்லை. தலைமறைவானார் என்று ஏச்சு வாங்கிய அதே சிப்ரியான், பிற்பாடு வந்த உபத்திரவத்தில் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. 258இல் வாளுக்குத் தலையைக் கொடுத்தார்.

வீட்டாரின் கோபத்துக்கோ, வேலை போய்விடும் என்ற பயத்துக்கோ ஒதுங்கிப்போன யாராவது இப்போது உங்கள் மனதில் வந்திருக்கலாம். இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள். ஏன் வருவதில்லை என்று விசாரிக்க வேண்டாம். வேதாகமத்தை விரித்துவைத்துப் பாடம் நடத்தவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்; அவர் ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள், சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் போங்கள்.